ஏ.எல்.எஸ். நோயும் ஸ்டெம் செல் ஊசியும்: கொஞ்சம் பழைய கதை



இந்த வாரம் உப்பளங்களின் கதையை எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரத்துக்குப் போகிறது. பதினைந்து நாளுக்குள் மூன்று பேர் ஒரே கேள்வியை இன்பாக்ஸில் கேட்டுவிட்டார்கள். அதில் ஒருத்தி என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவள். அவள் அப்பாவுக்கு ஏ.எல்.எஸ். என்று சொல்லிவிட்டார்களாம். "டீச்சர், ஸ்டெம் செல் போட்டால் எழுந்து நடப்பார் என்கிறார்கள், ஏழு லட்சம் ஆகுமாம், வீட்டுப் பத்திரம் இருக்கிறது, போகலாமா?" என்று கேட்டிருக்கிறாள்.

நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ முடித்து, 34 வருஷம் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள். ஆனால் இந்த நோய் எங்கள் வீட்டுக்குள்ளேயே மூன்றரை வருஷம் இருந்தது. அப்போதிருந்து இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்து வருகிறேன். அதனால் வரலாறாகச் சொல்லுகிறேன். மருத்துவத்தை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீளமாகத்தான் இருக்கும், கடைசி பெஞ்சுக்காரர்கள் நடுவில் எழுந்து போகக் கூடாது!

முதலில் பெயர். அமையோட்ரோபிக் லேட்டரல் ஸ்க்ளீரோசிஸ். 'அமையோட்ரோபிக்' என்றால் தசைக்கு ஊட்டம் இல்லாமல் போவது. 'லேட்டரல்' என்பது தண்டுவடத்தின் பக்கவாட்டு. 'ஸ்க்ளீரோசிஸ்' என்றால் இறுகிப் போவது. பாரிஸில் சால்பெத்ரியேர் என்ற பெரிய மருத்துவமனையில் இருந்த ஷார்க்கோ என்ற மருத்துவர் 1869-ல் இதை விவரித்தார், 1874-ல் இந்தப் பெயரை வைத்தார். உயிரோடு இருக்கும்போது நோயாளியைக் கவனித்து எழுதிக்கொள்வார், இறந்த பிறகு தண்டுவடத்தை அறுத்துப் பார்ப்பார், இரண்டையும் பொருத்துவார். அப்படித்தான் மூளையிலிருந்து தசைக்கு உத்தரவு கொண்டுபோகும் நரம்பணுக்கள் மட்டும் இதில் சாகின்றன என்று தெரிந்தது. அறிவு பலருக்கு அப்படியே இருக்கும். கண் பார்வை, காது, தொடு உணர்ச்சி பெரும்பாலும் அப்படியே இருக்கும். கை, கால், நாக்கு, தொண்டை, கடைசியில் மூச்சுத் தசை என்று ஒவ்வொன்றாகப் போகும். பெரும்பாலானவர்களுக்கு 3 முதல் 5 வருஷம். பத்தில் ஒருவர் பத்து வருஷம் தாண்டுவார்.

அமெரிக்காவில் இதற்கு லூ கெரிக் நோய் என்று பெயர். அவர் பேஸ்பால் ஆட்டக்காரர். ஒரு ஆட்டம்கூடத் தவறாமல் தொடர்ந்து 2,130 ஆட்டம் ஆடியவர். 1939-ல் ஆட முடியாமல் நின்றார், 1941-ல் 37 வயதில் காலமானார். நமக்குத் தெரிந்த ஆள் ஸ்டீபன் ஹாக்கிங். 1963-ல், 21 வயதில் அவருக்கு நோய் இருப்பதாகச் சொன்னார்கள். 2018 வரை, 55 வருஷம் இருந்தார். லூ கெரிக்குக்கும் ஹாக்கிங்குக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நம்ம ஊர்க் கணக்கும் ஒன்று இருக்கிறது. பலருக்குத் தெரியாது. உலக மருத்துவப் புத்தகங்களில் 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' என்று ஒன்று உண்டு. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய மருத்துவர்கள் 1970-ல் அதைப் பற்றி எழுதினார்கள். ராமமூர்த்தி என்பவர் சென்னையில் மூளை அறுவை மருத்துவத்தைத் தொடங்கி வைத்தவர். அவர்களிடம் வந்த இளவயது நோயாளிகள் பலர் பாரிஸ் புத்தகத்துக்குப் பொருந்தவில்லை. முப்பது வயதுக்குள் தொடங்குகிறது, கை கால் மெலிகிறது, முகமும் நாக்கும் தளர்கிறது, பலருக்குக் காதும் மந்தமாகிறது. ஆனால் ஆள் சாவதில்லை. மெதுவாக, மிக மெதுவாகத்தான் போகிறது. பல பத்தாண்டுகள் உயிரோடு இருந்தவர்கள் உண்டு. இது பெரும்பாலும் தென்னிந்தியாவில்தான் காணப்பட்டது. அயல்நாட்டுக் கருவி எதுவும் பெரிதாக இல்லாத காலத்தில், நோயாளியை உட்காரவைத்துப் பொறுமையாகப் பார்த்தே அந்த மூவரும் இதைக் கண்டுபிடித்தார்கள். நம் பள்ளிப் புத்தகத்தில் இது ஏன் இல்லை என்று எனக்கு இன்றும் வருத்தம்.

இதை ஏன் சொல்லுகிறேன்? ஏ.எல்.எஸ். என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வருஷத்தில் போகிறவரும் இருக்கிறார், முப்பது வருஷம் இருக்கிறவரும் இருக்கிறார். மெதுவாகப் போகிற நோயாளிக்கு நீங்கள் எந்த ஊசியைப் போட்டாலும், பத்து வருஷம் கழித்து, "பார், என் ஊசியால்தான் இவர் இன்னும் இருக்கிறார்" என்று சொல்லிவிடலாம். போடாவிட்டாலும் அவர் இருந்திருப்பார். இந்த நோயின் சிகிச்சை வரலாறு முழுவதும் இந்த ஒரு குழப்பத்தில்தான் சுற்றுகிறது.

இனி ஸ்டெம் செல். குருத்தணு என்று தமிழில் சொல்லுகிறார்கள், நல்ல சொல். வாழைக் குருத்து போல, இன்னும் இலையாக விரியாத அணு. அது தன்னைப் போல இன்னொன்றையும் உண்டாக்கும், வேறு வகை அணுவாகவும் மாறும். கனடாவில் டில், மெக்கல்லக் என்ற இருவர் 1961-ல் எலும்பு மஜ்ஜையில் இப்படிப்பட்ட அணு இருப்பதைக் காட்டினார்கள். மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை அப்படி வளர்ந்ததுதான். மும்பை டாடா மருத்துவமனையில் 1983-லும் வேலூர் சி.எம்.சி.யில் 1986-லும் அது நடந்தது. ரத்தப் புற்றுநோய்க்கும் தலசீமியாவுக்கும் இன்று அது உறுதியான சிகிச்சை. இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

சந்தேகம் எங்கே தொடங்குகிறது என்றால், 1998-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவிலிருந்து குருத்தணுவைப் பிரித்து வளர்த்தார். அதிலிருந்து நரம்பு, இதயம், கணையம் எல்லாம் செய்துவிடலாம் என்று பத்திரிகைகள் எழுதின. 2006-ல் ஜப்பானின் யாமனாகா, எலியின் தோல் அணுவையே திரும்பவும் குருத்தணு மாதிரி ஆக்கிக் காட்டி, 2012-ல் நோபல் பரிசு வாங்கினார். ஆராய்ச்சிக்கூடத்தில் நடந்தது உண்மை. அந்த உண்மைக்கும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் நடுவில் இருந்த தூரத்தைத்தான் விளம்பரக்காரர்கள் ஒரே தாவலில் தாண்டிவிட்டார்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஒரு வழி இருக்கிறது. 1973 ஜூலையில் வேப்பலோடையில், மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அழகர்சாமி வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினார் அல்லவா? எப்படிச் செய்தார்? ஒரு சிப்பியின் மேலுறைச் சதையில் ஒரு துணுக்கை வெட்டி, ஓட்டில் செய்த உருண்டை மணியோடு சேர்த்து இன்னொரு சிப்பிக்குள் வைப்பார்கள். அந்தத் துணுக்கின் அணுக்கள் பெருகி, மணியைச் சுற்றிப் பை மாதிரி வளர்ந்து, முத்துப் பூச்சைச் சுரக்கும். அணுவை இடம் மாற்றி வைத்தால் அது வேலை செய்யும் என்பதற்கு நம் கடற்கரையிலேயே சாட்சி இருக்கிறது. ஆனால் அந்தப் பண்ணையில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். எத்தனை சிப்பி மணியைத் துப்பிவிடும், எத்தனை செத்துப்போகும், எத்தனை கோணல் முத்து வரும் என்று சொல்வார்கள். அவர்கள் எல்லாவற்றையும் எண்ணி எழுதினார்கள், செத்த சிப்பியையும் சேர்த்து. நான் கேட்கும் கேள்வி அதுதான். செத்த சிப்பியை யார் எண்ணுகிறார்கள்?

முத்துச் சிப்பியைவிட இது பல மடங்கு கடினம். முதுகுத் தண்டில் இருக்கும் ஒரு இயக்க நரம்பணு, கால் பாதம் வரைக்கும் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரே இழையை நீட்டியிருக்கிறது. ஊசியில் போட்ட புது அணு நரம்பணுவாக மாறினாலும், அந்த ஒரு மீட்டரை வளர்ந்து போய்ச் சரியான தசையைப் பிடிக்க வேண்டும். பெரிய ஆளுக்கு அது நடந்ததாக இதுவரை யாரும் காட்டவில்லை. அதனால் விஞ்ஞானிகளே சுருதியை மாற்றினார்கள். "செத்த நரம்புக்குப் பதில் புது நரம்பு வேண்டாம், இருக்கிற நரம்பைப் பராமரிக்கும் செவிலி அணுவாகப் போடுவோம்" என்றார்கள். இடுப்பெலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த அணு, நரம்புக்கு ஊட்டமான புரதங்களைச் சுரக்கும் என்பது கணக்கு. யோசனை நல்ல யோசனை. ஆனால் "எழுந்து நடப்பார்" என்று சொல்கிறவருக்கு இந்த மாற்றம் தெரியவில்லை, அல்லது தெரிந்தே சொல்லவில்லை.

இத்தாலியில் லெட்டீசியா மசீனி என்ற பெண் மருத்துவர், 2003-ல் வெளியிட்ட ஆய்வில், ஒருசில ஏ.எல்.எஸ். நோயாளிகளின் மஜ்ஜை அணுவை அவர்கள் தண்டுவடத்திலேயே போட்டதைச் சொன்னார். ஒன்பது வருஷம் வரைக்கும் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார். பெரிய கெடுதல் இல்லை, தெளிவான பலனும் இல்லை என்று நேர்மையாக எழுதினார். அதே காலத்தில் பெய்ஜிங்கில் ஹுவாங் என்ற அறுவை மருத்துவர், கருவின் மூக்கு நரம்புப் பகுதி அணுக்களை நோயாளிகளின் மூளையில் வைத்துக்கொண்டிருந்தார். உலகெங்கிலுமிருந்து நூற்றுக்கணக்கானவர்கள் காசு கொடுத்துப் போனார்கள். திரும்பி வந்தவர்களில் ஏழு பேரை நெதர்லாந்து மருத்துவர்கள் போவதற்கு முன்னும் பின்னும் அளந்து, 2010-ல் எழுதினார்கள்: ஒருவருக்கும் பலன் இல்லை. சிலர், போட்ட ஒன்றிரண்டு நாளில் நன்றாக இருக்கிறது என்று சொன்னதும் உண்டு. புது நரம்பு ஒன்றிரண்டு நாளில் வளராது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இத்தாலியிலேயே இன்னொரு கதை நடந்தது, இதை மட்டும் கொஞ்சம் நின்று சொல்லுகிறேன். டாவிடே வன்னோனி என்பவர் மருத்துவர் இல்லை. உளவியல் துறைக்காரர். 'ஸ்டாமினா' என்ற பெயரில் குருத்தணுச் சிகிச்சை செய்வதாகச் சொன்னார். தீராத நோயுள்ள குழந்தைகளின் பெற்றோர் நம்பினார்கள். ரோம் நகரத் தெருவில் ஊர்வலம் போனார்கள், நீதிமன்றங்கள் சிகிச்சை கொடு என்று உத்தரவிட்டன, 2013-ல் நாடாளுமன்றமே சோதனைக்குப் பணம் ஒதுக்கியது. பிறகு அவர் ஆதாரமாகக் காட்டிய நுண்ணோக்கிப் படங்கள் வேறொருவரின் பழைய கட்டுரையிலிருந்து எடுத்தவை என்று 'நேச்சர்' இதழ் காட்டியது. நிபுணர் குழு இதில் ஒன்றுமில்லை என்றது. 2015-ல் அவர் தண்டனையை ஒப்புக்கொண்டார். அந்தப் பெற்றோரை முட்டாள்கள் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படி எழுத மனம் வராது. நாம் யாராயிருந்தாலும் அந்த ஊர்வலத்தில் போயிருப்போம்.

எங்கள் வீட்டுக் கதையும் அதே காலம்தான்.

என் கொழுந்தனார் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கிற வேலை. 2010 நடுவில் பேனா விரலில் நிற்கவில்லை என்றார். கழுத்தெலும்புத் தேய்மானம் என்று பட்டை போட்டார்கள், ஆறு மாதம் அதில் போனது. பிறகு மதுரையில் ஈ.எம்.ஜி. எடுத்துப் பார்த்து ஏ.எல்.எஸ். என்றார்கள். ரிலுசோல் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். 1995-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மாத்திரை அது. சராசரியாக இரண்டு மூன்று மாதம் ஆயுள் கூடும் என்று அந்த டாக்டர் மறைக்காமல் சொன்னார். "மூணு மாசமா?" என்று என் கொழுந்தனார் சிரித்தார்.

2011 கடைசியில் ஒரு பெருநகரத் தனியார் மருத்துவமனைக்குப் போனோம். பெயர் வேண்டாம். இடுப்பெலும்பில் மஜ்ஜை எடுத்து, ஏதோ பிரித்து, அன்றே முதுகுத்தண்டில் ஊசியாகப் போட்டார்கள். மூன்று முறை. போக வர, தங்க, எல்லாம் சேர்த்து நாலே கால் லட்சம். என் ஓரகத்தியின் நகையும், புதுக்கோட்டைப் பக்கம் இருந்த இரண்டு சென்ட் மனையும் போனது. (நம்ம தூத்துக்குடிப் புதுக்கோட்டை, ராஜா ஊர் இல்லை.) முதல் ஊசிக்குப் பிறகு இரண்டு வாரம் விரல் பிடி கூடியது போல இருந்தது. நானே பார்த்தேன், டம்ளரைப் பிடித்தார். நாங்கள் எல்லோரும் அழுதோம். மூன்றாவது ஊசிக்குப் போகும்போது அவரைத் தூக்கித்தான் ரயிலில் ஏற்றினோம். அந்த மருத்துவமனையிலிருந்து ஆறு மாதம் கழித்தோ ஒரு வருஷம் கழித்தோ, எப்படி இருக்கிறார் என்று கேட்டு ஒரு போன் வரவில்லை. செத்த சிப்பியை அங்கே எண்ணவில்லை.

போவதற்கு முந்தின இரவு நான் அவரிடம் சந்தேகமாகத்தான் பேசினேன். "மதினி, இது பலிக்காதுன்னு எனக்கும் பாதி தெரியும். சும்மா கட்டில்ல கெடந்து போறதுக்கு, ஒண்ணு செஞ்சு பாத்துட்டுப் போறேன், விடுங்க" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை.

நம் கடற்கரையில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. முத்துக்குளிக்கப் போகும்போது சுறா கடிக்காமல் இருக்க மந்திரம் போடுகிறவர் ஒருவர் இருப்பார், கடல்கட்டி என்று பெயர். மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இதைக் குறித்திருக்கிறார். கிடைத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு மந்திரக்காரருக்கு என்கிறார். பின்னாளில் மன்னார்ப் பக்கம் குளிப்பு நடத்திய ஆங்கிலேய அதிகாரிகளுக்கு அதில் நம்பிக்கை கிடையாது, ஆனாலும் அவருக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள். அவர் கரையில் நின்றால்தான் குளியாட்கள் கடலில் இறங்குவார்கள். பயத்துக்கு மருந்து வேண்டும் என்பது உண்மையான தேவைதான், அதை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் கடல்கட்டி கிடைத்த முத்தில்தான் பங்கு வாங்கினார். சிப்பியே இல்லாத நாளில் அவருக்கும் ஒன்றும் இல்லை. இங்கே முழுப் பணமும் முன்கூட்டியே வாங்குகிறார்கள்.

நம் நாட்டில் அரசு என்ன செய்தது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிர்த் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2007-ல் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டன. அதன் தலைப்பில் குருத்தணு 'ஆராய்ச்சி, சிகிச்சை' என்று இரண்டு சொல்லும் இருந்தது. 2013-ல் திருத்தியபோது 'சிகிச்சை' என்ற சொல்லையே தலைப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். இலக்கணம் சொல்லிக் கொடுத்தவளுக்கு இது பெரிய விஷயம். ஒரு சொல்லை எடுத்ததில் முழுச் செய்தியும் இருக்கிறது: ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று தவிர மற்றதெல்லாம் இன்னும் ஆராய்ச்சிதான், சிகிச்சை என்று சொல்லி விற்கக் கூடாது. 2017 திருத்தத்தில் இன்னும் தெளிவாக, சோதனையில் சேருகிறவரிடம் பணம் வாங்கக் கூடாது என்றார்கள். 2019-ல் வந்த புது மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகள், குருத்தணுவிலிருந்து செய்த பொருளைப் 'புது மருந்து' என்ற வரையறைக்குள் கொண்டுவந்தன. சோதனையில் கெடுதல் நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டு. ஆனால் நோயாளியின் மஜ்ஜையை லேசாகப் பிரித்து அவருக்கே திருப்பிப் போட்டால் அது மருந்தா, வெறும் மருத்துவச் செய்முறையா என்று ஒரு சந்து இருந்தது. கடைகள் பல அந்தச் சந்துக்குள்தான் நடந்தன.

நேர்மையான முயற்சியும் இங்கே நடந்தது. சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவமனையில் பத்து ஏ.எல்.எஸ். நோயாளிகளுக்கு அவரவர் மஜ்ஜை அணுவை முதுகுத்தண்டில் போட்டு, ஒரு வருஷம் கவனித்து, 2012-ல் எழுதினார்கள். பெரிய கெடுதல் இல்லை, ஒரு வருஷத்தில் மதிப்பெண் பெரிதாக இறங்கவில்லை என்றார்கள். 'முன்னோட்ட ஆய்வு' என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள். பத்தே பேர், ஒப்பிட்டுப் பார்க்க ஊசி போடாத இன்னொரு பத்துப் பேர் இல்லை. மெட்ராஸ் கணக்கையும் ஹாக்கிங்கையும் நினைத்துக்கொண்டால், இதிலிருந்து எவ்வளவு சொல்லலாம், எவ்வளவு சொல்லக் கூடாது என்று உங்களுக்கே தெரியும். விளம்பரத் துண்டுகளில் இந்த மாதிரி ஆய்வைக் காட்டித்தான் பேசுவார்கள், ஆகவே சொல்லி வைக்கிறேன்.

ஒப்பிட்டுப் பார்த்த பெரிய சோதனை 'நூரோன்' என்ற சிகிச்சைக்கு நடந்தது. இஸ்ரேலில் தொடங்கிய பிரெயின்ஸ்டார்ம் என்ற நிறுவனத்துடையது. அமெரிக்காவில் ஏறத்தாழ 200 நோயாளிகள். பாதிப்பேருக்கு அணு ஊசி, பாதிப்பேருக்கு மருந்தில்லா ஊசி. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மதிப்பெண் போடும் டாக்டருக்கும் தெரியாது. 2020 நவம்பரில் முடிவு வந்தது. அணு ஊசி போட்டவர்களில் மூன்றில் ஒருவருக்கு நோயின் வேகம் குறைந்தது. ஆகா என்று சொல்வதற்குள் அடுத்த வரியையும் படியுங்கள். மருந்தில்லா ஊசி போட்டவர்களிலும் நாலில் ஒருவருக்கு மேல் அதே மாதிரி வேகம் குறைந்திருந்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடிய அளவுதான்.

என் கொழுந்தனார் டம்ளரைப் பிடித்த அந்த இரண்டு வாரம் எனக்கு அன்றுதான் விளங்கியது.

அங்கேயும் நோயாளிகள் சும்மா இருக்கவில்லை. "எங்களுக்கு நேரம் இல்லை, ஆதாரம் முழுசாக வரும்வரை நாங்கள் இருக்க மாட்டோம்" என்று போராடினார்கள். 2018-ல் அமெரிக்காவில் 'முயன்று பார்க்கும் உரிமை' என்று ஒரு சட்டமே வந்தது. அந்தச் சட்டத்தின் முழுப் பெயரில் நான்கு நோயாளிகளின் பெயர் இருக்கிறது, அதில் மூவர் ஏ.எல்.எஸ். நோயாளிகள். நூரோனுக்கு அனுமதி கொடுக்கலாமா என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2023 செப்டம்பர் 27-ல் நிபுணர்களைக் கூட்டிக் கேட்டது. 17 பேர் ஆதாரம் போதாது என்றார்கள், ஒருவர் போதும் என்றார், ஒருவர் வாக்களிக்கவில்லை. அடுத்த மாதம் நிறுவனம் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது.

"கெடுதல் இல்லையே டீச்சர், போட்டுப் பார்த்தால் என்ன?" என்று இன்னொருவன் கேட்டான். கெடுதல் எப்போதும் இல்லை என்று சொல்ல முடியாது. வேறொரு நரம்பு நோய்க்காக மாஸ்கோவில் கரு அணு ஊசி போட்டுக்கொண்ட ஒரு இஸ்ரேலியச் சிறுவனுக்குச் சில வருஷத்தில் மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டி வந்தது. அந்தக் கட்டி அவன் உடம்பு அணுவே இல்லை, ஊசியில் வந்த அணு என்று 2009-ல் நிரூபித்தார்கள். தன் மஜ்ஜையைத் தனக்கே போடும்போது அந்த அளவு ஆபத்து குறைவு, உண்மை. ஆனால் பணமும் கெடுதலில் சேர்த்திதான். என் ஓரகத்தி இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நகை இல்லாமல், மனை இல்லாமல் நின்றாள். கடைசி ஒரு வருஷம் மூச்சுக் கருவிக்கும், ஆள் வைத்துப் பார்ப்பதற்கும், வயிற்றுக் குழாய் வைப்பதற்கும் காசு வேண்டியிருந்தது. அந்தக் காசுதான் ஊசியில் போய்விட்டதே.

மருத்துவம் சும்மா இருக்கவும் இல்லை. பரம்பரையாக வரும் ஏ.எல்.எஸ்.ஸில் எஸ்.ஓ.டி.1 என்ற மரபணுவின் பங்கை 1993-ல் கண்டார்கள். 30 வருஷம் கழித்து, 2023-ல், அந்த மரபணுக் கோளாறு உள்ளவர்களுக்கென்றே டோஃபெர்சன் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மொத்த நோயாளிகளில் நூற்றுக்கு இரண்டு பேருக்குத்தான் அது பொருந்தும். 2014-ல் ஐஸ் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு வீடியோ போட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா? பாதிப்பேருக்கு எதற்கு ஊற்றுகிறோம் என்றே தெரியாது. அமெரிக்க ஏ.எல்.எஸ். சங்கத்துக்கு அதில் 11 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது.

அந்த மாணவிக்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்லுகிறேன். வீட்டுப் பத்திரத்தைக் கொடுக்காதே. அப்பா ஏதாவது செய்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டால், சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் பார். 2009 முதல் இந்தியாவில் நடக்கும் ஒவ்வொரு மருத்துவச் சோதனையும் அதில் பதிவாகியிருக்க வேண்டும், யாரும் இலவசமாகப் பார்க்கலாம். இந்தச் சிகிச்சையின் பதிவு எண் என்ன என்று அந்த மருத்துவமனையைக் கேள். எண் இருந்தால், பிறகு எதற்கு ஏழு லட்சம் என்று கேள். எத்தனை பேருக்குப் போட்டீர்கள், ஒரு வருஷம் கழித்து அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று எழுத்தில் கேள். வாட்ஸ்அப் வீடியோவில் நடக்கிற ஆளை எனக்குக் காட்டாதே. நோய் எந்த வகை என்பதையும் ஒரு நல்ல நரம்பியல் டாக்டரிடம் மறுபடி உறுதி செய்துகொள், மெதுவாகப் போகிற வகையாகவும் இருக்கலாம். அவள் இன்னும் முடிவு சொல்லவில்லை. அப்பாதான் முடிவு செய்ய வேண்டும் என்கிறாள், அதுவும் சரிதான்.

கடைசியாக ஒன்று, இது இந்த நோய் உள்ள வீடுகளுக்கு உதவும். பேச்சு நின்ற பிறகும் கண் பெரும்பாலும் வேலை செய்யும். என் கொழுந்தனாருக்கு 2013-ல் பேச்சு முழுதாக நின்றது. கண்ணால் பேச வைக்கலாம் என்று பார்த்தால், ஆங்கிலத்துக்கு 26 எழுத்து, நமக்கு 247. ஒவ்வொன்றாகச் சொல்லி முடிப்பதற்குள் விடிந்துவிடும். அப்போதுதான் இலக்கணம் கைகொடுத்தது. பள்ளிக்கூட சார்ட் அட்டையில் மெய்யெழுத்தை மூன்று வரிசையாக எழுதினேன். வல்லினமா, மெல்லினமா, இடையினமா என்று கேட்பேன். சரி என்றால் கண்ணை மேலே தூக்குவார். ஒவ்வொன்றிலும் ஆறே எழுத்துதான், வரிசையாகச் சொல்லுவேன். பிறகு குறிலா, நெடிலா. குறிலில் ஐந்து, நெடிலில் ஏழு. வெறும் மெய் என்றால் கண்ணை மூடித் திறப்பார். இரண்டு எழுத்து வந்தால் மூன்றாவதை நாமே ஊகித்துவிடலாம். ஒரு வாரத்தில் அவருக்கும் எனக்கும் பழகிவிட்டது, பிள்ளைகள் என்னைவிட வேகம். பெரும்பாலும் 'கொசு' என்பார், 'தலையணை' என்பார். நவம்பரில் டெண்டுல்கரின் கடைசி டெஸ்ட் நடந்தபோது, வல்லினம், 'ச' என்றதுமே சின்னவன் கத்திவிட்டான், "எழுபத்தி நாலு சித்தி... இல்ல இல்ல, பெரியம்மா, அப்பா சச்சின் ஸ்கோர் கேக்குறாங்க, எழுபத்தி நாலுல அவுட்!" என்று. அடுத்த மாதம் அவர் போய்விட்டார்.

அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. ஓரம் கொஞ்சம் செல்லரித்திருக்கிறது, எழுத்து நன்றாகத் தெரிகிறது. படம் எடுத்து முதல் கமெண்டில் போட்டிருக்கிறேன். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். வரிசையில் 'ழ', 'ள' இடம் மாறக் கூடாது, பார்த்து எழுதுங்கள்.